கடைசிக் கப்பலில் ஏறாத தளபதி

ஒஸ்லோவிலிருந்து வடக்கே போகும் ரயில் மியோசா ஏரியின் கரையைப் பிடித்துக்கொண்டு ஹாமர், லில்லெஹாமர் என்று ஓடி, குட்பிரான்ட்ஸ்டாலன் என்ற நீண்ட பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. ஒரு பக்கம் ஆறு, இரண்டு பக்கமும் காடேறிய மலைச்சரிவு, நடுவே ஒரு நெடுஞ்சாலையும் ஒரு தண்டவாளமும். நோர்வேக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பாதையில் எத்தனையோ முறை போய்வந்திருக்கிறேன். கடந்த கோடையில்தான் மடியில் ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு போனேன். ஓயர், ட்ரெட்டன், ரிங்கெபு, க்வாம், ஒட்டா, டொம்போஸ். ஜன்னலுக்கு வெளியே கடந்துபோன இந்த ஊர்கள் வழியாகத்தான் 1940 ஏப்ரலில் ஓர் இராணுவம் அடி அடியாகப் பின்வாங்கியது. அதை நடத்தியவர் ஒட்டோ ரூகெ.

நோர்வேயின் போர்க்கதைகளில் எல்லாருக்கும் தெரிந்தவை சில உண்டு. ஒஸ்லோ கடல்வழியில் பழைய பீரங்கிகளைக் கொண்டு ஜேர்மன் போர்க்கப்பல் புளூஹரை மூழ்கடித்த கேணல் பிர்கர் எரிக்சன். பனிச்சறுக்கில் போய் வெமோர்க் கனநீர் ஆலையைத் தகர்த்த இளைஞர்கள். ஜேர்மனியரின் கோரிக்கையை மறுத்த மன்னர் ஏழாம் ஹோகொன். இவை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ரூகெயின் பெயரைச் சொன்னால், என்னோடு வேலை செய்யும் இளைஞர்களில் பாதிப் பேர் யோசித்துப் பார்த்துவிட்டுத் தெரியாது என்கிறார்கள். அவர் எதையும் மூழ்கடிக்கவில்லை, எதையும் தகர்க்கவில்லை. 62 நாள் நீடித்த ஒரு போரைத் தோல்வியை நோக்கி, சிதறாமல் கொண்டுபோனார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். தோற்றவர்களின் கதையை நான் ஏன் தேடித் தேடி வாசிக்கிறேன் என்று என் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புறமுதுகு என்ற சொல்லைக் கேட்டாலே கூசுகிற மரபில் வளர்ந்தவர்கள் நாம். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டதற்காக வடக்கிருந்து உயிர்விட்ட சேரமானை இன்னும் போற்றுகிறோம். மோதுவதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கிடாயையும் நம் மொழிக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிடாய் கடைசியில் மோதிவிடுகிறது. மோத வலுவில்லை, வலு வேறெங்கிருந்தோ வரவேண்டும், அதுவரை நிற்கவேண்டும், நின்றால் அழிந்துபோவோம், ஆகவே கொஞ்சம் நின்று கொஞ்சம் நகரவேண்டும் என்ற நிலைக்கு நம்மிடம் பாட்டு இல்லை. ரூகெயின் நிலை அதுதான்.

அவர் 1882 ஜனவரியில் இன்றைய ஒஸ்லோவில் பிறந்தார். 1933 முதல் 1938 வரை, படையின் திட்டங்களை வகுக்கும் இராணுவப் பொதுப்பணியகத்தின் தலைவர், பிறகு காலாட்படையின் தலைமை ஆய்வாளர், பதவியில் கேணல். இந்த ஆண்டுகளைக் கவனிக்கவேண்டும். 1933இல்தான் நோர்வே தன் இராணுவத்தைப் பெரிதும் சுருக்கியது. காலாட்படைக்கு அழைக்கப்பட்ட இளைஞனுக்குக் கிடைத்த பயிற்சி 72 நாள். டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் இல்லை. நாடு முழுவதற்கும் ஒரேயொரு டாங்கி, அதுவும் பயிற்சிக்காக வாங்கியது. போரே இனி வராது என்ற நம்பிக்கையும் 1930களின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து செய்த வேலை இது. பொதுப்பணியகத் தலைவராக இருந்த ஒருவர் இதிலிருந்து கையைக் கழுவிக்கொள்ள முடியாது. ரூகெயை உயர்த்திப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தன் காலம் உருவாக்கிய மெலிந்த படையைத் தானே போருக்குக் கொண்டுபோக நேர்ந்தவர் என்று பார்க்கும்போதுதான் பின்னால் அவர் செய்தவற்றின் எடை புரிகிறது.

1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஒஸ்லோ, கிறிஸ்தியான்சான்ட், பெர்கன், ட்ரொன்ட்ஹெய்ம், நார்விக் எல்லாவற்றையும் ஜேர்மனியர் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். புளூஹர் மூழ்கியதால் ஒஸ்லோ சில மணி நேரம் தப்பியது. மன்னரும் அரசும் நாடாளுமன்றமும் காலை 7.23க்குப் புறப்பட்ட ரயிலில் ஹாமருக்குப் போனார்கள், அங்கிருந்து எல்வெருமுக்கு. படைதிரட்டும் கிடங்குகள் பல முதல் நாளிலேயே கைமாறிவிட்டன. இராணுவத்தின் தலைமைத் தளபதி கிறிஸ்தியான் லோக்கெக்கு அன்றுதான் 65ஆவது பிறந்தநாள். அவருக்கு நம்பிக்கை இல்லை. எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டு ரூகெயை ஒளிவட்டத்தோடு நிறுத்தும் எழுத்துகளும் உண்டு. லோக்கெ செய்த பிழை அவருடைய தலைமுறையே செய்த பிழை. ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் வேறொருவர் தேவைப்பட்டார் என்பதில் ஐயமில்லை.

அன்றிரவே அதற்கான அடையாளம் தெரிந்தது. மன்னரையும் அரசையும் பிடிப்பதற்காக ஜேர்மன் விமானப்படை இணைப்பதிகாரி ஸ்பில்லர், பரசூட் படையினரைப் பறித்தெடுத்த பஸ்களில் ஏற்றிக்கொண்டு எல்வெருமை நோக்கி வந்தார். மிட்ஸ்கூகன் என்ற பண்ணையருகே, பயிற்சி முடியாத இளம் காவற்படையினரும் ஊர்த் துப்பாக்கிக் கழகத்துக்காரர்களும் சாலையை மறித்து நின்றார்கள். அந்தத் தடுப்பு ஏற்பாட்டில் ரூகெயின் கையும் இருந்தது. ஸ்பில்லர் படுகாயமடைந்து இறந்தார், பஸ்கள் திரும்பிப்போயின. ஜேர்மனியர் பிரதமராக்கச் சொன்ன நோர்வே நாஜித் தலைவர் குவிஸ்லிங்கை ஏற்க முடியாது என்று மன்னர் அடுத்த நாள் சொன்னபோது அவர் இன்னும் சுதந்திர மனிதராக இருந்ததற்கு அந்தக் குளிரான சாலைமறிப்பும் ஒரு காரணம். அதே 10ஆம் தேதி லோக்கெ விலகினார். போரிட வேண்டும் என்று வாதிட்ட ரூகெயை அரசு ஜெனரலாக்கித் தலைமைத் தளபதியாக நியமித்தது.

அவர் கைக்கு வந்தது இராணுவம் என்று சொல்லத்தக்க ஒன்றல்ல. எங்கெங்கோ கூடிய ஆட்கள், பாதிப் பட்டாலியன்கள், பீரங்கி இருந்தால் குதிரை இல்லை, குதிரை இருந்தால் பீரங்கி இல்லை. பல பிரிவுகளோடு தொலைபேசித் தொடர்பே கிடையாது. பெர்கனுக்குக் கிழக்கே வோஸ் பகுதியில் ஒரு படையணி மட்டும் ஒழுங்காகத் திரண்டது. அதை மலை கடந்து கிழக்கே வரச்சொன்னார். நேச நாடுகள் ட்ரொன்ட்ஹெய்மை மீட்டுத் தந்தால் நாட்டின் நடுப்பகுதியில் ஊன்றி நின்று மீண்டும் படைதிரட்டலாம் என்பது அவருடைய கணக்கு. அதுவரை தீர்மானகரமான சண்டை எதற்கும் இறங்கக்கூடாது. ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பாலத்திலும் எதிரியை நிறுத்து, அவன் சுற்றிவளைப்பதற்கு முன் கழன்று அடுத்த வளைவுக்குப் போ. இதுதான் கட்டளை. இப்படிப்பட்ட போரில் வீரனுக்குப் புகழ் கிடைக்காது. களைத்துப்போய் நன்றாகத் தோண்டிய குழியை, எதிரி வருவதற்கு முன்பே விட்டுப்போகச் சொல்கிற தளபதியைத் திட்டத்தான் தோன்றும்.

ரூகெ தன் தலைமையகத்தை ஓயர் என்ற ஊரில் வைத்தார். ரயில் அந்த ஊரைக் கடக்கச் சில நிமிடங்கள்கூட எடுப்பதில்லை. அங்கே அவரிடம் வந்துசேர்ந்த ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிராங்க் ஃபோலி பெர்லினில் கடவுச்சீட்டு அதிகாரி என்ற போர்வையில் இருந்த பிரித்தானிய உளவு அதிகாரி. ஆயிரக்கணக்கான யூதர்களுக்கு விசா கொடுத்து உயிரோடு வெளியேற்றியவர். போர் தொடங்கியதும் ஒஸ்லோவுக்கு மாற்றப்பட்டிருந்தார். லண்டனோடு பேச வழியில்லாமல் தவித்த ரூகெக்கு ஃபோலியின் வானொலிக் கருவியும் இரகசியக் குறியீடும்தான் வாய்த்தன. நீங்கள் உடனே வருவீர்கள் என்று நம்பித்தான் நாங்கள் போரைத் தொடங்கினோம் என்ற பொருளில், ஒரு நாட்டின் தலைமைத் தளபதி பிரித்தானியப் பிரதமருக்கு அனுப்பிய செய்தி, கிராமத்து வீடொன்றிலிருந்து ஓர் உளவாளியின் கருவி வழியாகப் போனது.

அவர்கள் வந்தார்கள். ஏப்ரல் 18ஆம் தேதி ஓன்டால்ஸ்நெஸ் துறையில் பிரித்தானியாவின் 148ஆவது படையணி இறங்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர், பெரும்பாலும் பகுதிநேரப் பயிற்சி பெற்ற பிரதேசப் படையினர். பனியில் நடக்கச் சறுக்குக்கட்டைகள் இல்லை. அவர்களுடைய வாகனங்களும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் வந்த கப்பல் வழியிலேயே மூழ்கடிக்கப்பட்டது. ரூகெயின் களைத்த ஆட்களுக்கு ஓய்வு கொடுப்பதற்காக அவர்களை நேராக முன்னரங்குக்கு அனுப்பினார்கள். லில்லெஹாமர் 21ஆம் தேதி விழுந்தது. 23ஆம் தேதி ட்ரெட்டனில், பாலத்தருகே, அந்தப் படையணி உடைந்து போனது. சில நூறு பேர்தான் பின்னால் வந்துசேர்ந்தார்கள்.

இன்று ட்ரெட்டனில் ஆறு பச்சை நிறத்தில் ஓடுகிறது. நான் பார்த்தபோது ஒரு சிறுமி பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் அதற்குள் நகர்ந்துவிட்டது.

அந்தத் தாமதங்கள் எதையாவது சாதித்தனவா என்று கேட்கலாம். ஒன்றைக் கணக்கிட்டே சொல்லமுடியும். நோர்வே வங்கியின் தங்கம் ஏறத்தாழ 50 டன், ஏப்ரல் 9ஆம் தேதி லொறிகளில் ஒஸ்லோவிலிருந்து வெளியேறி லில்லெஹாமர் வங்கிக் கிளையின் பெட்டகத்தில் இருந்தது. ரூகெயின் ஆட்கள் தெற்கே சாலைகளை மறித்துக்கொண்டிருந்த நாட்களில் அது ரயிலில் ஏறி, இதே பாதையில், ஓன்டால்ஸ்நெஸ் போய், பிரித்தானியப் போர்க்கப்பல்களிலும் மீன்பிடிப் படகுகளிலும் நாட்டைவிட்டு வெளியேறியது. டொம்போஸில் ஏப்ரல் 14ஆம் தேதி இறங்கிய ஜேர்மன் பரசூட் படையினர் இந்தத் தண்டவாளத்தை மறித்திருந்தார்கள். 19ஆம் தேதி அவர்கள் சரணடைந்த பிறகுதான் வழி திறந்தது. மன்னரும் அரசும் இதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் மோல்டெக்குப் போனார்கள். புறமுதுகு காட்டியவர்கள் வாங்கிக்கொடுத்த நாட்களில் ஒரு நாட்டின் பொன்னும் ஆட்சியும் தப்பித்துப்போயின.

க்வாமில் புதிதாக வந்த 15ஆவது படையணி டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளோடு இரண்டு நாள் நன்றாகவே சண்டையிட்டது. அங்கே தேவாலய முற்றத்தில் அந்தப் பிரித்தானிய இளைஞர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒட்டாவிலும் சண்டை மோசமாகப் போகவில்லை. ஏப்ரல் 28ஆம் தேதி பிரித்தானிய ஜெனரல் பாஜெட் ரூகெயிடம் வந்து, நாங்கள் வெளியேறப் போகிறோம், மேலிடத்து முடிவு என்று சொன்னார்.

இந்தச் சந்திப்பைப் பற்றி வாசித்த நாளிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை. ரூகெ கொதித்தார். போலந்துக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் நேர்ந்த கதிதான் நோர்வேக்குமா, உங்கள் படைகள் தோற்கவே இல்லையே, ஏன் போகிறீர்கள் என்று கேட்டார். பிறகு தன்னைத்தானே அடக்கிக்கொண்டார். இது நாம் இருவரும் முடிவுசெய்கிற காரியமல்ல, நாம் சிப்பாய்கள், வாருங்கள், நீங்கள் பத்திரமாக வெளியேற நான் என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள் என்றார். சொன்னபடியே செய்தார். கைவிட்டுப் போகிறவர்கள் போய்ச்சேரும்வரை அவர்களுடைய பக்கவாட்டை நோர்வேயின் ஆட்கள் காத்துக்கொடுத்தார்கள். இப்படி ஒரு செய்தியைக் கேட்ட மனிதர் ஆத்திரத்தில் எதை வேண்டுமானாலும் செய்திருக்கலாம்; நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் பாஜெட்டின் கையைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன்.

மன்னரும் பட்டத்து இளவரசரும் ஏப்ரல் 29ஆம் தேதி எரிந்துகொண்டிருந்த மோல்டெயிலிருந்து கிளாஸ்கோ என்ற போர்க்கப்பலில் வடக்கே போனார்கள். ரூகெயின் முறை வந்தபோது, பிரித்தானியாவுக்குப் போகும் கப்பல் என்று தெரிந்ததும் அவர் ஏற மறுத்துவிட்டார். நோர்வேயின் மண்ணில், ட்ரோம்சோவில், போர் இன்னும் நடக்கிறது, அங்கே கொண்டுபோனால் வருகிறேன் என்பது அவர் நிலை. டயானா என்ற கப்பல் அவரை வடக்கே கொண்டுசென்றது. தெற்கில் மிஞ்சிய படைகள் மே முதல் வாரத்தில் சரணடைந்தன.

வடக்கின் கதை வேறொருவருடையது. 6ஆவது டிவிஷனின் தளபதி கார்ல் குஸ்தாவ் ஃபிளைஷர், பிரெஞ்சு, போலந்து, பிரித்தானியப் படைகளோடு சேர்ந்து மே 28ஆம் தேதி நார்விக்கை மீட்டார். அந்தப் போரில் ஜேர்மனியர் ஒரு நகரத்தை இழந்தது அதுவே முதல் முறை. ஃபிளைஷருக்கும் மேலே வந்து அமர்ந்த ரூகெக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற சுபாவம் உள்ளவர்கள் அல்லர். ஆனால் அதற்குள் பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது. நேச நாடுகள் நார்விக்கையும் விட்டுப் போக முடிவு செய்தன. இன்னும் சில நாள் கிடைத்திருந்தால் ஜேர்மனியரைச் சுவீடன் எல்லைக்குள் தள்ளியிருப்போம் என்று அங்கே போரிட்டவர்கள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 7ஆம் தேதி ட்ரோம்சோவிலிருந்து டெவன்ஷயர் என்ற கப்பலில் மன்னரும் அரசும் பிரித்தானியாவுக்குப் புறப்பட்டார்கள். ரூகெ கரையில் நின்றுவிட்டார். ஆயிரக்கணக்கான ஆட்கள் இன்னும் துப்பாக்கியோடு மலைகளில் நிற்கிறார்கள், அவர்களை எதிரியிடம் அனாதையாக விட்டுவிட்டுத் தலைமைத் தளபதி கப்பலேற முடியாது, சண்டையை முடித்துவைத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பும் வேலையை யாராவது செய்யத்தான் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஃபிளைஷரை அரசு தன்னோடு வரச்சொன்னது. அவர் போனார்.

ஜூன் 10ஆம் தேதி ட்ரொன்ட்ஹெய்மின் பிரிட்டானியா ஹோட்டலில் சரணடைவு உடன்படிக்கை கையெழுத்தானது. ரூகெயின் சார்பில் லெப்டினன்ட் கேணல் ரோஷர் நீல்சன் கையெழுத்திட்டார். நோர்வே நாடே சரணடைந்ததா, வடக்கில் எஞ்சிய படைகள் மட்டுமா என்று அந்தத் தாளைப் பற்றி இங்கே இன்றும் சட்டவறிஞர்கள் வாதிடுகிறார்கள். லண்டனிலிருந்த அரசு போர் தொடர்கிறது என்றே சொன்னது, அதன் வணிகக் கப்பல்களும் தொடர்ந்து ஓடின. எனக்கு அந்த வாதத்தில் அவ்வளவு ஆர்வமில்லை. அடுத்து நடந்ததில்தான் இருக்கிறது.

இந்தப் போரில் ஜேர்மனிக்கு எதிராக இனி ஆயுதம் ஏந்தமாட்டேன் என்று கௌரவ வாக்குக் கொடுத்தால் நோர்வேயின் அதிகாரிகள் வீட்டுக்குப் போகலாம். மிகப் பலர் கொடுத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. குடும்பம் இருந்தது, அரசு கடல்கடந்துவிட்டது, போர் முடிந்துவிட்டதாகவே அந்தக் கோடையில் தோன்றியது. ரூகெ மறுத்தார். தன் ஆட்கள் வீடு திரும்ப வழிசெய்துகொடுத்தவர் தனக்கு அந்த வழியை எடுத்துக்கொள்ளவில்லை. அவரைக் கைதியாக ஜேர்மனிக்குக் கொண்டுபோனார்கள். பிடிபட்ட ஜெனரல்களை அடைத்துவைத்த கோனிக்ஸ்டைன் மலைக்கோட்டையிலும் வேறு முகாம்களிலுமாகப் போர் முடியும்வரை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். உள்ளே போகும்போது வயது 58. வாக்குக் கொடுத்து வீட்டுக்குப் போன அதிகாரிகளையும் 1943 ஆகஸ்டில் ஜேர்மனியர் கூட்டமாகக் கைதுசெய்து முகாம்களுக்கு அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஃபிளைஷரின் முடிவு இதைவிடத் துயரமானது. பிரித்தானியாவில் நோர்வேயின் புதிய இராணுவத்தைக் கட்டும் பொறுப்பிலிருந்தார். அரசோடு முரண்பட்டார். 1942இல் முப்படைத் தலைமைப் பதவி அவரைவிட இளையவரான ஹான்ஸ்டீனுக்குப் போனது, நார்விக்கை மீட்டவர் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். அந்த டிசம்பரில் ஒட்டாவாவில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கரையில் நின்றவர் முள்வேலிக்குள், கப்பலேறியவர் அந்நிய நகரத்தில். இருவரில் யார் சரியான முடிவை எடுத்தார் என்று கேட்பவர்களிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை.

1945இல் ரூகெ திரும்பி வந்தார். பட்டத்து இளவரசர் ஒலாவ் வகித்துவந்த முப்படைத் தலைமைத் தளபதி பதவி அவருக்கு வந்தது. நாடு அவருக்குச் செய்த மரியாதை அது. ஆறு மாதத்துக்கு மேல் அது பெரிதாக நீடிக்கவில்லை. நவம்பரில் பாதுகாப்பு அமைச்சரானவர் யென்ஸ் கிறிஸ்தியன் ஹௌகெ, வயது 30, ஆக்கிரமிப்புக் காலத்தில் இரகசிய எதிர்ப்பு இராணுவத்தை நடத்தியவர். ரூகெ முள்வேலிக்குள் இருந்த ஆண்டுகளில் ஹௌகெ ஒஸ்லோவின் பொய்ப்பெயர்களுக்குள் வேறொரு போரைக் கற்றுக்கொண்டிருந்தார். படைத்தலைவரின் அதிகாரம் எதுவரை, அமைச்சரின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதில் இருவரும் மோதினார்கள். 1946இன் தொடக்கத்தில் ரூகெ பதவியைவிட்டு விலகினார்.

ரூகெமீது எனக்குள்ள பற்றையும் மீறி, கொள்கையளவில் ஹௌகெயின் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். சீருடை அணிந்தவர், மக்கள் தேர்ந்தெடுத்தவருக்குக் கீழேதான் இருக்கவேண்டும். இரத்தம் சிந்திய மண்ணிலிருந்து வந்தவனுக்கு இதில் தடுமாற்றம் இருக்கக்கூடாது. இருந்தாலும் அந்த விலகலில் ஒரு கண்ணியம் இருந்ததை மறைக்கமுடியாது. அவர் தன் பெயரை வைத்து ஓர் அணி திரட்டவில்லை. முதல் கைதட்டலோடு நாட்டுக்குத் திரும்பிய தளபதிகள் வேறு நாடுகளில் என்னவெல்லாம் ஆனார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அது தெரியும். ஹௌகெ 1952 வரை அமைச்சராக இருந்து படையைப் புதிதாகக் கட்டினார். இனி ஒருபோதும் ஏப்ரல் 9 வேண்டாம் என்பதே அந்தத் தலைமுறையின் முழக்கம். 72 நாள் பயிற்சியின் காலம் முடிந்தது. 1949இல் நோர்வே நேட்டோவில் சேர்ந்தது.

ரூகெ ஒஸ்லோவுக்குத் தென்கிழக்கே மீசன் என்ற சிறு நகரத்தருகேயுள்ள ஹொய்டொர்ப் கோட்டையில் வாழ்ந்தார். சுவீடனோடு பகை இருந்த காலத்து எண்ணத்தில், முதலாம் உலகப் போரையொட்டி எழுந்த கோட்டை அது. அதன் பீரங்கிகள் கிழக்கைப் பார்த்தன. 1940இல் எதிரி மேற்கிலிருந்து வந்தான். கடந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். பாறையில் குடைந்த நீண்ட நடைவழிகள், ஈரம் சொட்டும் சுவர், வெளியே பிர்ச் மரங்களின் மஞ்சள் இலைகள். கீழே வயல்கள் அறுவடை முடிந்து கிடந்தன. அந்த மேட்டில் ஒரு முதியவர் காலை நேரங்களில் நடந்திருப்பார் என்று கற்பனை செய்துபார்த்தேன்.

அவர் 1961 ஆகஸ்ட் 15ஆம் தேதி காலமானார். 1940 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான நாட்களைப் பற்றி அவர் எழுதிவைத்த நினைவுகள் நூலாக வெளிவந்தது 1989இல். நான் அதை நூலகத்திலிருந்து இரவல் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன். பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தாளில் எனக்கு முன் எடுத்தவரின் தேதி மங்கிப்போயிருக்கிறது. இரண்டு முறை தவணையை நீட்டிவிட்டேன். இன்னும் ட்ரெட்டனைத் தாண்டவில்லை.